சுப்பையா டோஸ்

அந்த ஆஸ்பத்திரியில் வலியை ஒழித்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் முடிவாயிற்று. அதற்கு முன்னாலும் அங்கே வலியைக் குறைக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் குறைப்பதில் பெயர் கிடைப்பதில்லை. ஒழித்தால்தான் பேனர் கட்டலாம்.

யோசனை தலைமை டாக்டர் விநாசித்தம்பியுடையது. நம் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரிக்கு அவரை விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலிலேயே ஒரு பலகை: 'இன்றைய பழுது: பூஜ்யம்.' அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் விருந்தையே மறந்துவிட்டார் என்று சொல்வார்கள். திரும்பி வந்ததும் எலும்பு வார்டு வாசலில் அதே அளவில் ஒரு பலகை மாட்டினார். 'இன்றைய வலி' என்று மூன்று மொழியில் எழுதி, பக்கத்தில் எண் போட இடம் விட்டிருந்தது.

நர்சுகளைக் குழுவாக்கி 'மெலாத்தி' என்று மல்லிகைப்பூவின் பெயரை வைத்தார்கள். ஃபேக்டரியில் செய்கிற மாதிரியே காலையில் வரிசையாக நின்று கை தட்டிக் கோஷம் போட வேண்டும். "வலி?" என்று ஒருத்தி கேட்பாள். "கோசோங்!" என்று மற்றவர்கள் கத்துவார்கள். பால் சீனி இல்லாத காப்பிக்கு நாம் சொல்வோமே, அதே கோசோங்தான். மலாயில் பூஜ்யத்துக்கும் அதுதான் பேச்சு. அந்தச் சத்தத்தில் இடுப்பு ஒடிந்து கிடக்கிறவன் தூக்கிவாரிப்போட்டு விழித்துக்கொள்வான். அந்த வலிக்குப் பலகையில் இடமில்லை.

பலகை மாட்டிய வாரத்திலேயே சுப்பையா வந்து சேர்ந்தார். அவருடைய நேரம். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருப்பு, வேலை ஃபேக்டரி பஸ் ஓட்டுவது. ஷிப்டு முடிந்த பெண்பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸைக் கழுவியவர் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிற்று. உள்ளே ஒரு இரும்புத் தட்டு வைத்து ஆணி முடுக்கினார்கள்.

வலிக்கு முதலில் போட்ட மார்பின் மருந்து ஊசி நன்றாகத்தான் வேலை செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கப்புறம் நர்ஸ் ரொஸ்னா அட்டையோடு வந்தாள். செபராங் பக்கம் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், நல்ல பிள்ளை.

"மாமா, வலி எத்தனை? பத்துக்கு எத்தனை?"

"என்னம்மா, பரீட்சையா?"

"அட்டையப் பாருங்க மாமா. சிரிக்கிற மூஞ்சி கோசோங். அழுற மூஞ்சி பத்து."

"நான் சிரிக்கவும் இல்ல, அழவும் இல்லயே."

"அப்ப அஞ்சுலா."

அஞ்சு என்று எழுதிக்கொண்டு போனாள். எலும்பு ஒடிந்த மனிதனுக்கு அஞ்சு ஒன்றும் அதிகமில்லை. ஆனால் பலகையில் அஞ்சு என்றால் பழுது. ஃபேக்டரியில் பழுது வந்தால் அந்தச் சாமானைத் திரும்பச் சரிபண்ண அனுப்புவார்கள். இங்கேயும் சுப்பையாவைத் திரும்பச் சரிபண்ணக் கிளம்பினார்கள். தலைமாட்டில் மருந்து ஏற்றுகிற மிஷினில் மார்பின் அளவைக் கூட்டினார்கள். அன்று சாயங்காலம் அவர் ஆறு என்றார். மறுபடி கூட்டினார்கள். ஏழு என்றார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுப்பையாவால் யாருக்கும் விளங்கச் சொல்ல முடியவில்லை. ஒடிந்த இடத்தில் இருந்த வலி அங்கேயே இருக்காமல் உடம்பு முழுக்க நடமாட ஆரம்பித்தது. போர்வை பட்டால் எரிந்தது. மின்விசிறிக் காற்று முள்ளாகக் குத்தியது. பார்க்க வந்த மனைவி நவமணி ஆறுதலாகக் காலில் கையை வைத்தாள். மனிதர் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

"ஏங்க, நான் தொட்டது நல்ல காலு!"

"தெரியும். அதுவும் வலிக்குது."

"ஒடியாத காலு ஏன் வலிக்கணும்?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

எட்டு என்றதும் வலியொழிப்புக் கமிட்டியே படுக்கைக்கு வந்துவிட்டது. விநாசித்தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். அவர் தனியாக ஒரு நோயாளியிடம் பேசினாலும் மண்டபத்தில் பேசுவது போலத்தான் இருக்கும்.

"மருந்து கொடுக்கிறோம், வலி கூடுகிறது. இதிலிருந்து தெரிவது என்ன? மருந்து போதவில்லை."

சுப்பையா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டாக்டர், மருந்து கூடக் கூடத்தான் வலியும் கூடுது. கொஞ்சம் குறைச்சுப் பாத்தா என்ன?"

கமிட்டி பெருந்தன்மையாகச் சிரித்தது.

"நீங்கள் பஸ் ஓட்டுகிறவர். பெட்ரோல் ஊற்றினால்தானே பஸ் ஓடும்?"

"என் பஸ்ஸு டீசலு டாக்டர். பெட்ரோல் ஊத்தினா நின்னுரும்."

இது கேள்விக்குப் பதிலாகாது என்று கமிட்டி குறித்துக்கொண்டது. நோயாளிக்கு வலி சொல்லத் தெரியவில்லை என்றும், ஆகவே பயிற்சி தேவை என்றும் முடிவாயிற்று. மறுநாள் டை கட்டிய ஒரு அதிகாரி வந்து படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பாடம் நடத்தினார். பத்து என்பது புலி கடித்தால் மட்டும் சொல்ல வேண்டியது. ஒன்பது பிரசவத்துக்கு உரியது, ஆண்கள் அதைக் கேட்கக்கூடாது. எட்டு சொல்கிறவர் எட்டுக்கு உண்டான முகத்தோடு சொல்ல வேண்டும். உங்கள் முகத்தில் ஆறுதான் தெரிகிறது, ஆகவே இரண்டு எண் வீணாகிறது.

சுப்பையா படுத்துக்கிடந்து யோசித்தார். எந்த எண்ணைச் சொன்னாலும் மிஷினைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் வலிக்கிறது. கூட்டாத எண் ஒன்றே ஒன்றுதான். ரொஸ்னா அட்டையோடு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"கோசோங்."

"நெசமாவா மாமா!"

"நெசமாத்தான். போம்மா."

மெலாத்தி ஓடி வந்து கை தட்டியது. அந்தக் கைதட்டலே உடம்பில் சுளீர் சுளீரென்று விழுந்தது. பல்லைக் கடித்தார். பல்லைக் கடித்தது சிரிப்பு மாதிரி இருந்ததால் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வலி இல்லாதவன் வார்டில் எதற்கு என்று மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் கொஞ்ச நாள் வேர்த்து நடுங்கிக் கிடந்தார். பிறகு ஒரு மத்தியானம் பூனை காலில் ஏறிப் படுத்தது. அது படுத்து வெகுநேரம் கழித்துத்தான், தனக்கு வலிக்கவில்லை என்பதையே கவனித்தார். ஒடிந்த இடத்தில் மட்டும் ஒடிந்த இடத்துக்கு உண்டான வலி இருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. எலும்பு கூடவில்லை. தட்டைக் கழற்றி வேறு தட்டு வைக்க வேண்டும் என்றார்கள்.

"கத்திக்குப் பயமில்ல நவமணி," என்றார் சுப்பையா. "எலும்பத் திருகட்டும், தாங்கிக்குவேன். அந்த மருந்துல இன்னொரு தடவ மாட்டினா நான் மனுசனாத் திரும்பி வரமாட்டேன்."

"வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம்லா."

"தட்டு இவங்களோடதாம். இவங்கதான் கழட்டணுமாம்."

இரண்டாம் முறை போனபோது வரவேற்பு பலமாக இருந்தது. எலும்பு வார்டு நடையில் சுப்பையாவின் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பல்லைக் கடித்த அதே போட்டோ. அதைச் சுற்றி பிளாஸ்டிக் மல்லிகைச் சரம். நவமணி அதைப் பார்த்து நடையிலேயே நின்றுவிட்டாள்.

"யாரு இது போட்டது? உசிரோட இருக்கிற மனுசன் படத்துக்குப் பூவா போட்டு வச்சிருக்கீங்க?"

"ஐயோ அத்தை, மல்லிகை எங்க குழுவோட சின்னம்," என்று ரொஸ்னா ஓடி வந்தாள். "மாமாதான் முதல்முதல்ல கோசோங் சொன்னவரு. மாமாவுக்கு அன்னிக்கு மிஷின்ல ஓடின மருந்தளவு இருக்குல்ல, அதையே இப்ப எல்லாருக்கும் வச்சாச்சு. வார்டுல அதுக்குப் பேரே சுப்பையா டோஸுதான்."

சுப்பையாவுக்குக் காதில் விழுந்தது புரிய நேரமாயிற்று. புரிந்தபோது பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். ஜுருவில் இரும்புப் பட்டறையில் கையை மிஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஜெயராஜ் என்கிற ஆள். அடிபட்டது கையில். அவனோ சட்டை போடாமல், போர்வையைக் காலாலேயே உதைத்துத் தள்ளிவிட்டு, கட்டிலில் உடம்பு படுமே என்று பயந்து குந்திக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, போர்வை எரியுதா?"

ஜெயராஜ் நிமிர்ந்து பார்த்தான். "ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

சுப்பையா கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு நேரே விநாசித்தம்பியின் அறைக்குப் போனார்.

"டாக்டர், அன்னிக்கு நான் கோசோங்னு சொன்னது பொய். மருந்தக் கூட்டாம இருக்கிறதுக்காகச் சொன்னேன். நெசமாச் சொன்னா அது எட்டு. அந்த டோஸை எடுத்துருங்க."

விநாசித்தம்பி கோபப்படவில்லை. கோபப்படாததுதான் அவரிடம் பயமான விஷயம்.

"உட்காருங்கள். நீங்கள் பொய் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். பொய் சொல்லத் தெளிவு வேண்டும். எட்டு அளவு வலியில் இருப்பவருக்குத் தெளிவு இருக்காது. ஆகவே உங்களுக்கு எட்டு இல்லை."

"இருந்துச்சு டாக்டர்."

"இப்போது பொய் சொல்கிறீர்களா, அப்போது சொன்னீர்களா என்று எப்படித் தெரியும்? அப்போது நீங்கள் சொன்னதற்கு எங்களுக்குக் கோலாலம்பூரில் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது சொல்வதற்கு என்ன கொடுப்பார்கள்?" அலமாரியில் கேடயம் பளபளத்தது. "சுப்பையா, வலியை உங்கள் சொந்த விஷயம் என்று நினைக்கிறீர்கள். வீட்டில் இருக்கும்வரை சரி. இந்த வாசலுக்குள் வந்தபிறகு அது ஆஸ்பத்திரியின் மார்க். அடுத்த வாரம் இந்த ஆண்டுப் போட்டி நடுவர்கள் வருகிறார்கள். உங்களை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பழையபடி ஒரு சொல் சொன்னால் போதும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவரை மயக்க மருந்து டாக்டர் அருந்ததி கண்டார். பணியில் பாதி வயது போனவர். கண்ணுக்குக் கீழே கறுத்து, எதற்கும் ஆச்சரியப்படுவதை விட்டுவிட்ட முகம். ஆபரேஷனுக்கு முன்கூட்டியே அவர் நோயாளியைப் பார்க்க வேண்டியிருந்ததால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள பேசினது கேட்டுச்சு அங்கிள். போர்வை பட்டா எரிஞ்சதா?"

"ஆமா."

"நல்ல காலும் வலிச்சுதா? மருந்து கூட்டக் கூட மோசமாச்சா?"

சுப்பையா நம்பிக்கையில்லாமல் பார்த்தார். இவரும் கமிட்டியாக இருக்கலாம். "ஆமா," என்றார் கடைசியில்.

"மார்பின் நல்ல மருந்துதான். நானே தினம் கொடுக்கிறேன். ஆனா அளவில்லாமக் கூட்டிக்கிட்டே போனா சில பேருக்கு நரம்பு கூர்மையாயிடும். வலியைக் கேக்குற காது பெருசாயிட்ட மாதிரின்னு வைங்க. தும்மினாக்கூட இடி மாதிரிக் கேக்கும். அது இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. ஒங்களுக்குப் பைத்தியமில்ல."

இதைக் கேட்டதும் சுப்பையா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"வராமத் தடுக்க முடியுமா?"

"முயற்சி பண்ணலாம். முதுகுல மெல்லிசா ஒரு குழாய் வச்சுக் காலுக்குப் போற நரம்பை மரத்துப்போக வைப்பேன். பனடோல் மாத்திரை நேரத்துக்கு நேரம். கெட்டமின்னு இன்னொரு மருந்து, ரொம்பக் கொஞ்சமா. அது நரம்பு கூர்மையாகாமப் பாத்துக்கும். மார்பின் தேவைப்பட்டா மட்டும், கொஞ்சூண்டு."

"இத கமிட்டிக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன். மருந்தைக் குறைச்சு வலியைக் குறைக்கிறதா, இதை எந்தப் பேனர்ல எழுதறதுன்னு கேட்டாங்க." அவர் எழுந்துகொண்டார். "ஆபரேஷன் ரூம்புக்குள்ள கமிட்டி வராது, அங்க நான் பாத்துக்குவேன். வார்டுல ஒங்களை நீங்கதான் பாத்துக்கணும்."

"கோசோங்னு சொல்லித் தப்பிச்சிரவா?"

"சொன்னா சுப்பையா டோஸ் ரெண்டாவது தடவையும் ஜெயிச்சிருச்சுன்னு எழுதுவாங்க. அப்புறம் அதை இந்தத் தீவுல யாரும் அசைக்க முடியாது."

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது சுப்பையா முதலில் செய்த காரியம், போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பார்த்தது. எரியவில்லை. காலில் ஒரு வலி இருந்தது. மந்தமாக, கனமாக, இருந்த இடத்திலேயே இருந்தது. அதை அவர் தடவிப் பார்ப்பது போல மனசால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ரொஸ்னாவிடம் மூணு என்றார்.

"மாமா, மூணுன்னு எழுதினா எனக்குத்தான் ஏச்சு விழும்."

"எழுது. ஏச்ச நான் வாங்கிக்கறேன்."

"ஏச்செல்லாம் அப்படி மாத்தி வாங்க முடியாது மாமா." சொல்லிவிட்டு, எழுதாமலே போனாள்.

நடுவர்கள் வந்த அன்று தரையை மெழுகியிருந்தார்கள். வலி உள்ள முகமாகத் தெரிந்தவர்களைக் காலையிலேயே எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டார்கள், எக்ஸ்ரே தேவையோ இல்லையோ. ஜெயராஜை நகர்த்த முடியவில்லை, தொட்டாலே கத்தினான். ஆகவே அவனைச் சுற்றித் திரை இழுத்து, அதன்மேல் மெலாத்தி பேனரைக் குத்தினார்கள்.

விநாசித்தம்பி நடுவர்களைக் கட்டிலுக்கு அழைத்து வந்தார்.

"இவர்தான் எங்கள் சுப்பையா. சாதாரண பஸ் டிரைவர். உலகம் முழுக்க வலியைத் தாங்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாங்கள் இவருக்கு வலியே இல்லை என்று சொல்லக் கற்றுக்கொடுத்தோம்."

நடுவர்கள் தலையாட்டினார்கள். அவர் சொன்னதை யாரும் திரும்ப ஒருமுறை யோசித்ததாகத் தெரியவில்லை. மெலாத்தி வரிசையில் நின்றது.

"வலி?"

எல்லாரும் சுப்பையாவின் வாயைப் பார்த்தார்கள். நவமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் கேக் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதுவும் அவருக்குத் தெரியும்.

"மூணு," என்றார்.

கை தட்டத் தயாராகத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்," என்றார் விநாசித்தம்பி.

"யோசிச்சுத்தான் சொல்றேன். வெட்டித் திறந்த காலுக்கு மூணு நியாயமான வலி டாக்டர். எனக்கு இது போதும். நீங்க கூட்டவும் வேணாம், ஒழிக்கவும் வேணாம். போன தடவ நான் கோசோங்னு சொன்னது பயத்துல. அந்த மருந்துதான் எனக்கு வலிச்சது. அந்தப் பேரை எடுங்க. என் பேரச் சொல்லி ஒருத்தனும் அப்படிக் கிடக்க வேணாம்."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "எனக்கு ஒம்பதுண்ணே! எனக்கு ஒம்பது!"

நடுவர் ஒருவர் பேனரைத் திரும்பிப் பார்த்தார். பேனர் பேசுவதை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

விநாசித்தம்பி குரலைத் தாழ்த்தினார். "ரொஸ்னா, இரண்டு பேருக்கும் மிஷினைக் கூட்டு."

ரொஸ்னா நகர்ந்தாள். சுப்பையா மிஷின் குழாயைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். "தொடாதம்மா." அவள் தொடவில்லை, போகவும் இல்லை. நடுவில் நின்றாள்.

அப்போதுதான் கடைசியில் நின்ற அருந்ததி பேசினார், நேரம் எத்தனை என்று சொல்வது போல.

"இந்த ரெண்டு பேரையும் வார்டுக் கணக்குலேர்ந்து எடுத்துடலாம் டாக்டர். பழைய துணி ரூம்பு காலியா இருக்கு. அது வார்டு இல்லை. அங்க இருக்கிற ஆளுக்குப் பலகையில எண் கிடையாது."

விநாசித்தம்பி பலகையின் பக்கம் பார்த்தார். "எண் கிடையாது என்றால்?"

"எண் இல்லைன்னா கோசோங்தானே."

தலைமை டாக்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார். இரண்டு கட்டிலையும் நடுவர்களே வழிவிட, உருட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் கைதட்டல் கேட்டது. வார்டில் அன்றைய வலி பூஜ்யம். அந்த ஆண்டுக் கேடயமும் அவர்களுக்குத்தான் கிடைத்தது. பெரிய கேடயம்.

துணி ரூம்பில் அந்துருண்டை வாடை அடித்தது. அருந்ததி அங்கே ஜெயராஜின் மார்பினை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாக இறக்கி, வேறு மருந்துகளைச் சேர்த்தார். சில நாளில் அவன் சட்டை போட்டுக்கொண்டான். பொத்தான் போடும்போது அழுதான், வலியால் இல்லை.

"டாக்டர், இத வெளிய சொன்னா நாலு பேரு பொழைப்பான்லா," என்றார் சுப்பையா.

"சொன்னா கமிட்டிக்கு இந்த ரூம்பு தெரிஞ்சுபோகும் அங்கிள். பேனர் கட்டிடுவாங்க." அருந்ததி அடுத்த ஆளைப் பார்க்கக் கிளம்பினார். "இன்னும் ரெண்டு கட்டில் போட இடம் இருக்கு. அதுவரைக்கும் பாப்போம்."

சுப்பையா டோஸ் என்ற பெயரை எடுக்கவில்லை. அச்சடித்தாயிற்று என்றார்கள். படத்திலிருந்த மல்லிகைச் சரத்தை மட்டும் நவமணி போகிற வழியில் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

முதுகுக் குழாயை எடுத்து, மாத்திரை கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் டாக்சி நின்றது. டிரைவர் ஹபீப் முகம்மது இறங்கி வந்து, தோளைக் கொடுத்துப் பின் சீட்டில் ஏற்றினார். காலை நீட்டி வைக்கத் தலையணை ஒன்றைச் செருகினார். ஜெலுத்தோங் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முதல் குழியில் கார் இறங்கியதும் சுப்பையா "ஸ்ஸ்" என்றார்.

ஹபீப் கண்ணாடியில் பார்த்தார். "ரொம்ப வலிக்குதாண்ணே?"

சுப்பையா எண் ஒன்றைத் தேடி வாயைத் திறந்தார். முன்சீட்டில் அட்டையும் இல்லை, பேனாவும் இல்லை. மனிதர் சும்மா கேட்டிருக்கிறார்.

"வலிக்குது தம்பி," என்றார். "கொஞ்சம் மெதுவாப் போ."

ஹபீப் மெதுவாகப் போனார்.